மிதித்தவர்கள்

முதல் வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது உட்காருவது எப்படி என்பதை மட்டும்தான். 46 வயதுக்காரனுக்கு உட்காரவா கற்றுத்தர வேண்டும் என்று கேட்கலாம். ஆர்கன் பெஞ்சில் ஒரு தடவை ஏறிப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

நீளமான, வழவழப்பான பலகை அது. யார் யாரோ பல வருஷங்களாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து தேய்த்துப் பளபளப்பாக்கியது. ஏறி உட்கார்ந்தால் கீழே தரை கிடையாது. தரை இருக்க வேண்டிய இடத்தில் 30 மரக்கட்டைகள் வரிசையாகக் கிடக்கின்றன. பியானோவின் கட்டைகளை ஒரு ராட்சசனுக்காகப் பெரிதாக்கித் தரையில் பதித்த மாதிரி. (நம்மூரில் 'ஐந்து கட்டை சுருதி' என்கிறோமே, அந்தக் கட்டையேதான், ஹார்மோனியத்திலிருந்து வந்த சொல்.) பாதத்தை எங்கே ஊன்றினாலும் கட்டிடம் அதிரும். ஊன்றாமல் இருக்க வேண்டுமென்றால் இரண்டு காலும் அந்தரத்தில் நிற்க வேண்டும். கைகளுக்கு மேலே வேறு வேலை இருக்கிறது, அவற்றையும் ஊன்ற முடியாது. மொத்த உடம்பும் பெஞ்சைத் தொடுகிற இரண்டு எலும்புகளின் மேல் நிற்கிறது. முதல் பத்து நிமிஷம் நான் சறுக்கி விழாமல் இருந்ததே பெரிய காரியம்.

அடுத்த பாடம் கீழே பார்க்காமல் இருப்பது. என் ஆசிரியை எழுபதைத் தாண்டிய ஜெர்மன் அம்மையார், கண்டிப்பானவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குத் தமிழில் இப்படித்தான் காதில் விழுந்தது: "குனியாதீங்க. நீங்க பார்த்துப் பார்த்துக் குடுத்தா கால் சோம்பேறியாயிடும்." கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன அல்லவா, அந்தக் கூட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நுனிக்காலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, இரண்டு பாதங்களுக்கும் நடுவே எவ்வளவு அகலம் விரிந்திருக்கிறது என்பதை வைத்து ஸ்வர இடைவெளியை அளக்க வேண்டும். இருட்டில் சொந்த வீட்டுப் படிக்கட்டு இறங்குகிற மாதிரி வர வேண்டும் என்றார். எனக்கு அடுத்தவன் வீட்டுப் படிக்கட்டு மாதிரி இருந்தது.

இதையெல்லாம் பழகலாம். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஆர்கன் இருப்பது தேவாலயத்தில். ஞாயிறு ஆராதனை, சனி கல்யாணம், நடுவில் எப்போது வேண்டுமானாலும் ஒரு சாவு. எனக்குக் கிடைத்தது செவ்வாய்க்கிழமை மாலை இரண்டு மணி நேரம். குளிர்காலத்தில் அந்த நேரத்துக்குச் சூடேற்றி போடமாட்டார்கள். மற்ற ஆறு நாளும் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் தரையை மிதித்துக்கொண்டிருந்தேன். "என்ன, கீழ கரப்பான் பூச்சியா?" என்று மனைவி கேட்டாள்.

அந்த ஆர்கனில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. தட்டினால் எங்கோ ஓர் அறையில் மோட்டார் முனகும், சில விநாடிகளில் குழாய்களுக்குக் காற்று வந்துவிடும். ஸ்விட்சுக்கு மேலே பழைய குமிழ் ஒன்று, பீங்கான் வில்லையில் 'கால்கன்ட்' என்று எழுதியிருந்தது. இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. "அந்தக் காலத்துல பின்னாடி இருக்கிற ஆளைக் கூப்பிடற மணி" என்றார் ஆசிரியை. துருத்தி மிதிக்கிற ஆளை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மோட்டார் வருவதற்கு முன்னால், ஆர்கனில் ஒரு மணி நேரம் சாதகம் செய்ய வேண்டுமென்றால் இன்னொரு மனிதன் ஒரு மணி நேரம் பின்னால் நின்று காற்றை உண்டாக்க வேண்டும். அவனுக்குக் கூலி தர வேண்டும். அப்படியானால் பாக் முதலான மேதைகளின் கால்கள் எங்கேதான் பழகின? ஆர்கன் பெடலின் சரித்திரம் என்று தேட ஆரம்பித்தது இந்தக் கேள்வியிலிருந்துதான். தேடப் போனால் ஒரு ஜோடி கால்களுக்குப் பதிலாக இரண்டு ஜோடி கால்கள் கிடைத்தன.

*

ஜெர்மனியின் ஹால்பர்ஸ்டாட் பேராலயத்தில் 1361ல் நிகோலாஸ் ஃபாபர் என்பவர் ஓர் ஆர்கன் கட்டினார். அது இன்று இல்லை. ஆனால் மிக்கேல் பிரிட்டோரியஸ் 1619ல் வெளியிட்ட பெரிய இசைக் கருவி நூலில் அதைப் படத்தோடு விவரித்திருக்கிறார். கைக்கான கட்டைகள் அவ்வளவு அகலம், விரலால் அமுக்க முடியாது. உள்ளங்கையாலும் முஷ்டியாலும் அழுத்த வேண்டும். அதிலேயே காலுக்கும் கட்டைகள் இருந்தன.

பிரிட்டோரியஸின் படங்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது துருத்தி அறை. கொல்லன் பட்டறைத் துருத்தியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, வரிசையாகப் படுக்க வைத்த மாதிரி இருபது துருத்திகள். ஒவ்வொன்றின் மேலும் மரத்தால் ஒரு செருப்பு. பத்து ஆட்கள், ஆளுக்கு இரண்டு துருத்தி. காலை அந்தச் செருப்பில் நுழைத்து, குறுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு, ஒன்றை மிதித்து இறக்கி இன்னொன்றைத் தூக்க வேண்டும். கால்கன்ட் என்ற பெயரே மிதித்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். அரங்கத்தில் ஒருவர் கால் சுரத்தை மிதிக்க, சுவருக்குப் பின்னால் இருபது கால்கள் அதற்கான மூச்சை மிதிக்கின்றன.

ஐரோப்பாவில் பல ஊர்களில் ஒரு கதை சொல்வார்கள். கச்சேரி இடைவேளையில் ஆர்கன்காரர் வெளியே வந்து, "இன்னிக்கு அருமையா வாசிச்சேன்" என்கிறார். துருத்தி மிதிக்கிற ஆள், "வாசிச்சோம்னு சொல்லுங்க" என்கிறான். இவர் முறைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து கட்டையை அமுக்குகிறார், சத்தமே இல்லை. பின்னாலிருந்து குரல் மட்டும் வருகிறது: "நாமன்னு சொல்லுங்க." ஊருக்கு ஊர் பெயர் மாறும் கதை. நடந்ததோ இல்லையோ, யாருக்கு யார்மேல் கோபம் என்பதில் மட்டும் பொய் இல்லை.

*

காலுக்குக் கட்டை வைப்பது எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி நடக்கவில்லை. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் சில குட்டைக் கட்டைகள் இருக்கும், அவை பெரும்பாலும் கைக்கட்டைகளையே கயிறு கட்டிக் கீழே இழுப்பவை. நீண்ட ஆதார சுரத்தைப் பிடித்துக்கொள்ளப் போதும். பிரான்சில் ஆராதனை மெட்டை நீட்டி ஒலிக்க வைப்பார்கள். ஜெர்மனியின் வடக்கே மட்டும் பெடல் தனி ராஜ்ஜியம் ஆனது. அங்கே ஆர்கனின் முகப்பில் வலது கோடியிலும் இடது கோடியிலும் நிற்கிற உயரமான கோபுரங்கள் முழுவதும் காலுக்குரிய குழாய்கள். மிகப்பெரிய குழாய் 32 அடி நீளம், கிட்டத்தட்ட பத்து மீட்டர். அதன் மிகக் கீழான சுரம் விநாடிக்கு 16 அதிர்வுதான். காது கேட்பதற்கு முன்னால் பெஞ்சு கேட்டுவிடும். லூத்தரன் சபையில் எல்லோரும் சேர்ந்து பாட்டுப் பாட வேண்டும், அத்தனை தொண்டைகளையும் தாங்க அடியில் பலமாக ஒன்று வேண்டும் என்பது இதற்கு முக்கியமான காரணம்.

கால்களின் திறமை அதற்கு முன்பே வளர்ந்திருந்தது. ஹைடல்பெர்க் அரசவையில் ஆர்னோல்ட் ஷ்லிக் என்று ஓர் ஆர்கன் கலைஞர், கண் பார்வை இல்லாதவர். 1511ல் ஆர்கன் கட்டுவோருக்கும் வாசிப்போருக்கும் ஒரு கையேடு அச்சிட்டார். அவருடைய ஒரு படைப்பில் பத்துக் குரல்கள், அதில் நான்கு காலுக்கு. இரண்டு காலால் நான்கு சுரம்! கீழே பார்க்காதே என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

*

1705ன் குளிர்காலத் தொடக்கத்தில் யோஹான் செபாஸ்டியன் பாக் ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து லூபெக்குக்கு நடந்து போனார். சுமார் 400 கிலோமீட்டர். வயது 20. அங்கே மரியன் தேவாலயத்தில் பக்ஸ்டஹூட வாசித்துக்கொண்டிருந்தார், வடக்கத்தி பெடல் வித்தையின் பெரிய கை. பெரிய கால் என்று சொல்ல வேண்டும். நான்கு வாரம் விடுப்பு வாங்கிய பாக் கிட்டத்தட்ட நான்கு மாதம் கழித்து 1706 தொடக்கத்தில் திரும்பினார். சபை நிர்வாகம் கூப்பிட்டு விசாரித்தது. (அதே 1706 ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அவர் வழியில் வந்த மிஷனரிகள் தமிழாக்கிய பாட்டுகளோடு ஜெர்மன் சபை மெட்டுகள் சில இன்றும் நம்மூர்த் தேவாலயங்களில் ஒலிக்கின்றன. பாக் தன் காலால் தாங்கியது அந்த வகை மெட்டுகளைத்தான்.)

பாக்கின் கால் பற்றிக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. 1732ல் காசல் நகரில் புதுப்பித்த ஆர்கனைச் சோதிக்கப் போனவர், தனியாகப் பெடலில் மட்டும் வாசித்துக் காட்டினார். கேட்ட இளவரசர் ஃபிரடரிக் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டார் என்று கான்ஸ்டன்டின் பெல்லர்மன் எழுதியிருக்கிறார். காலுக்கே மோதிரம் என்றால் கையையும் சேர்த்திருந்தால் என்ன கொடுத்திருப்பார் என்று பெல்லர்மன் கேட்கிறார், நியாயமான கேள்வி. 1754ல் வெளிவந்த இரங்கல் கட்டுரையில் மகன் ஃபிலிப் இம்மானுவேலும் மாணவர் அக்ரிகோலாவும் சொல்வது இன்னும் கச்சிதம்: மற்றவர்கள் ஐந்து விரலால் திணறும் இடங்களை அவர் இரண்டு காலால் வாசித்தார்.

இந்தப் புகழ்ச்சிகளைவிட அவருடைய ஒரு முகப்புப் பக்கம் எனக்குப் பிடிக்கும். வைமாரில் இருந்த வருஷங்களில் எழுதிவந்த 'ஆர்கல்ப்யூக்லைன்', சின்ன ஆர்கன் புத்தகம். 164 பாட்டுகளுக்குத் திட்டமிட்டு 46ல் நின்றுபோனது. கற்க ஆரம்பிக்கிற ஆர்கன்காரருக்குப் பெடலில் பழக்கம் வருவதற்காக என்று முகப்பிலேயே எழுதிவைத்தார். இதில் பெடலை விட்டுவிட்டு வாசிக்க வழியே இல்லை. பிறகு, மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமனுக்காக எழுதியதாகச் சொல்லப்படும் ஆறு ட்ரியோ சொனாட்டாக்கள். வலது கைக்கு ஒரு குரல், இடது கைக்கு ஒரு குரல், காலுக்கு ஒரு குரல், மூன்றும் ஒன்றையொன்று சார்ந்து நிற்காது. பியானோ பழகியவர்களின் இடது கை எப்போதும் அடிக்குரலையே தேடும். கால் எங்கே போகிறதோ அங்கே கையும் பின்னாலேயே போகும். எனக்கு அந்த ஒட்டுறவைப் பிரிக்கவே எட்டு மாதம் ஆயிற்று. கையில் தாளம் ஒரு நடையில் போக, வாயில் பாட்டு வேறு நடையில் போவதைப் பழகியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

ஆனால் இதையெல்லாம் எங்கே பழகினார்கள்? பதில் பாக்கின் சொத்துப் பட்டியலில் இருக்கிறது. 1750 ஜூலையில் அவர் இறந்தபோது, பெடலோடு கூடிய மூன்று கிளேவியர்கள் கடைசி மகன் யோஹான் கிறிஸ்டியனிடம் இருந்தன. அப்பா உயிரோடு இருக்கும்போதே எனக்குக் கொடுத்துவிட்டார் என்றான் பையன், வயது 14. முதல் தாரத்துப் பிள்ளைகள் அதைக் கேள்வி கேட்டார்கள். எந்த ஊரானால் என்ன, பாகப்பிரிவினை பாகப்பிரிவினைதான்.

வீட்டில் வைக்கும் அந்தக் கருவியை இன்று பெடல் கிளாவிகார்ட் என்கிறோம். லைப்சிக் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் கெர்ஸ்டன்பெர்க் என்பவர் 1760ல் செய்தது ஒன்று இருக்கிறது. கைக்கு இரண்டு அடுக்கு, காலுக்குக் கீழே தனிப் பெட்டி. கட்டையை அமுக்கினால் மறுமுனையில் உள்ள பித்தளைத் தகடு எழும்பித் தந்தியைத் தொடும், அவ்வளவுதான். அடுத்த அறையில் தூங்குகிறவர்கூட எழுந்திருக்கமாட்டார். துருத்தி வேண்டாம், ஆள் வேண்டாம், சாவி வேண்டாம், நடு ஜனவரியில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் மிதிக்கலாம்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு விஷயம் இருந்தது. ஆர்கனில் கட்டையை எப்படி மிதித்தாலும் அடைப்பு திறந்து காற்று போகும், குழாய் தன் சத்தத்தைத் தரும். உதைத்தாலும் சரி, தடவினாலும் சரி, பெரிய வித்தியாசம் தெரியாது. கிளாவிகார்ட் அப்படி விடாது. வேகம் போதவில்லையென்றால் சத்தம் செத்துப் பிறக்கும். அழுத்தம் கூடினால் சுருதி ஏறிவிடும். அதாவது, மலிவுக்காக வீட்டில் வைத்த மாற்றுக் கருவி அசல் கருவியைவிடக் கண்டிப்பான வாத்தியார். ஜோயல் ஸ்பீர்ஸ்ட்ரா என்ற ஆய்வாளர், கெர்ஸ்டன்பெர்க் கருவியைப் போலச் செய்து வாசித்துப் பார்த்து, 2004ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். துருத்திக்காரனுக்குக் கொடுக்கக் கூலி இல்லாமல் போனதால்தான் அந்தத் தலைமுறைக்குக் கால் அவ்வளவு நுட்பமாக அமைந்தது என்று நான் சொன்னால் கொஞ்சம் மிகையாகத்தான் இருக்கும். ஆனால் முழுப் பொய்யாக இருக்காது.

*

கிளேவியர்களை வாங்கிக்கொண்ட அந்தப் பையன் வளர்ந்து, மிலானில் கொஞ்ச காலம் இருந்து, 1762ல் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தான். காலுக்கு வேலையே இல்லாத ஊர். பெரும்பாலான ஆங்கில ஆர்கன்களில் பெடலே கிடையாது. ஹேண்டலின் ஆர்கன் கான்சர்ட்டோக்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றைக் காலை மடக்கி வைத்துக்கொண்டே வாசித்துவிடலாம். 19ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சாமுவேல் வெஸ்லியும் நண்பர்களும் பாக்கைக் கண்டெடுத்துக் கொண்டாடியபோது, பெடல் பகுதியை என்ன செய்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கையால் வாசித்தார், சில சமயம் டபுள் பேஸ் வாத்தியத்தைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு கால் செய்ய வேண்டியதற்கு இன்னொரு ஆள்! 1851 லண்டன் பொருட்காட்சியில் பெடல் வைத்த ஆர்கனை வாசித்துப் பார்க்கச் சொன்னபோது, முதிய சர் ஜார்ஜ் ஸ்மார்ட், அடுப்பில் இறைச்சி சுடுகிற கம்பிச் சட்டத்தின் மேலெல்லாம் நான் வாசித்ததில்லை என்று மறுத்தாராம்.

மெண்டல்சன் லண்டனுக்கு வந்தபோது கால்கள் என்ன செய்யும் என்று அவர்களுக்குக் கண்ணால் பார்க்கக் கிடைத்தது. 1837 செப்டம்பரில் ஒரு ஞாயிறு, செயின்ட் பால்ஸ் பேராலயம். ஆராதனை முடிந்து அவர் வாசிக்க, கூட்டம் கலைய மறுத்தது. கதவைப் பூட்ட வேண்டிய ஊழியர்கள் பொறுமை இழந்து துருத்திக்காரர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். பாக்கின் ஏ மைனர் ஃபியூக் நடந்துகொண்டிருக்கும்போதே குழாய்களில் காற்று இறங்கிப்போனது. அந்தப் பழைய கதையின் கோபம் இங்கே தலைகீழாக நடந்திருக்கிறது: ஐரோப்பாவின் மிகப் பிரபலமான கலைஞன் கட்டையை மிதித்துக்கொண்டே இருக்கிறான், பின்னால் யாரும் மிதிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து நியூகேட் தெருவில் வேறொரு தேவாலயத்தில் அவர் மறுபடி வாசித்தார். கேட்டவர்களில் கிழட்டு வெஸ்லியும் இருந்தார். வற்புறுத்தியபோது தானும் உட்கார்ந்து வாசித்தார். ஒரு மாதத்தில் இறந்துபோனார்.

அதே 1837ல் எலிசபெத் ஸ்டர்லிங் என்ற 18 வயதுப் பெண் லண்டனில் பாக்கின் பெடல் ஃபியூகுகளைக் கச்சேரியாகவே வாசித்தாள். அப்போது அந்த ஊரில் பெரிய பெரிய ஆண்களுக்கே அது வராது. கணுக்கால் வரை தொங்கும் அந்தக் காலத்துப் பாவாடையோடு, கீழே பார்க்க வழியே இல்லாமல், அவள் அதைச் செய்தாள் என்பதை இப்போது பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். 1856ல் ஆக்ஸ்ஃபோர்டின் இசைப் பட்டத்துக்குத் தன் படைப்பை அனுப்பினார். தேர்வாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள், பட்டம் கொடுக்கவில்லை. பெண்ணுக்குக் கொடுக்க விதியில் இடமில்லை என்றார்கள். அவர் தொடர்ந்து தேவாலயங்களில் வாசித்துக்கொண்டிருந்தார்.

மெண்டல்சனுக்கும் கால் சும்மா வந்துவிடவில்லை. 1840 ஆகஸ்ட் 6 அன்று லைப்சிக் தோமஸ் தேவாலயத்தில், பாக்குக்குச் சிலை வைக்க நிதி திரட்டுவதற்காகத் தனியாக ஆர்கன் கச்சேரி செய்தார். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், அதற்கு முன் எட்டு நாள் பழகிய பழக்கத்தில் நேராக நிற்கவே முடியாமல் போனதையும், தெருவில் நடக்கும்போதுகூட பெடல் வரிகளாகவே நடந்ததையும் சொல்லியிருக்கிறார். இதைப் படித்த பிறகு சாப்பாட்டு மேசை விஷயத்தில் எனக்குக் கூச்சம் போய்விட்டது.

வீட்டுக் கருவி மட்டும் காலத்துக்கேற்ப மாறியது. கிளாவிகார்ட் போய் பியானோ வந்தபோது பியானோவுக்கு அடியில் பெடல் பெட்டியைச் செருகினார்கள். 1845ல் டிரெஸ்டனில் ஷூமன் வீட்டில் அப்படி ஒன்று வந்தது. பழகத்தான் வாங்கினார், அதற்கென்றே பாட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். பாரிசில் அல்கான் ஒரு படி மேலே போய், காலுக்கு மட்டுமே, கையைத் தொடாமல், பன்னிரண்டு பயிற்சிகள் எழுதினார். ஒன்றைக் கொஞ்சம் முயன்று பார்த்தேன். அதைப் பற்றி எழுதும்படி ஒன்றுமில்லை.

*

இதுவரை சொன்ன கால்கள் பெரும்பாலும் நுனிக்கால்கள். பழைய ஜெர்மன் பெடலில் கட்டைகள் குட்டை. குதிகாலை வைக்க வசதி குறைவு. வலது நுனி, இடது நுனி என்று மாற்றி மாற்றி, ஒரு பாதத்தை மற்றதன் முன்னாலோ பின்னாலோ கடத்தி வாசிப்பார்கள். இரண்டு சுரங்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளி தானாக விழும். பேச்சில் எழுத்துகள் தனித்தனியாகக் கேட்பது போல.

குதிகாலை ராஜாவாக்கியவர் பெல்ஜியத்துக்காரர் லெமன்ஸ். பிரெஸ்லாவில் அடால்ஃப் ஹெஸ்ஸவிடம் படித்தவர். இந்த ஹெஸ்ஸதான் 1844ல் பாரிசுக்கு வந்து பெடலில் பிரெஞ்சுக்காரர்களை வாய் பிளக்க வைத்தவர். லெமன்ஸ் பிரசெல்ஸில் கற்றுக்கொடுத்தார், 1862ல் பயிற்சி நூல் வெளியிட்டார். நுனி, குதி, நுனி, குதி என்று உருட்டி ஒரு சுரம் முடியும் கணத்திலேயே அடுத்தது தொடங்க வேண்டும், இடைவெளி என்ற பேச்சே கூடாது. இன்றும் இசைத்தாளில் நுனிக்காலுக்குக் கூரை மாதிரி ஒரு குறி, குதிகாலுக்குக் கிண்ணம் மாதிரி ஒரு குறி. அவருடைய மாணவர்கள் கில்மானும் விடோரும். 1890ல் பாரிஸ் கன்சர்வேட்டரிக்கு வந்த விடோர், அதுவரை சுதந்திரமாக வாசித்துக்கொண்டிருந்த மாணவர்களை மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வைத்தார். முழங்கால் ஒட்டியிருக்க வேண்டும், குதிகால் பழக வேண்டும். அந்த வழியில் வந்த மார்செல் டூப்ரே 1920ல் பாக்கின் ஆர்கன் படைப்புகள் முழுவதையும் பத்துக் கச்சேரிகளில் மனப்பாடமாக வாசித்தார். ஆங்கிலேயர்களும் விழித்துக்கொண்டார்கள், ஹென்றி வில்லிஸ், சாமுவேல் வெஸ்லியின் மகனோடு பேசி, இரண்டு ஓரமும் மேலே வளைந்து விசிறி மாதிரி விரியும் பெடலை 1855ல் லிவர்பூலில் வைத்தார். கால் போகும் வழிக்குக் கட்டை வந்து நிற்கும்.

லெமன்ஸ் பரம்பரை தங்கள் முறை குரு வழியாகப் பாக்கிடமிருந்தே நேராக வந்தது என்று சொல்லிக்கொண்டது. குரு பரம்பரை காட்டுவது நமக்குப் பழக்கமான சமாச்சாரம்தான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாக் காலத்துக் கட்டைகளில் அந்தக் குதிகால் உருட்டல் அவ்வளவு சுலபமாக வராது. கடந்த அரை நூற்றாண்டாகப் பழைய கருவிகளைச் சீர்செய்து வாசிப்பவர்கள் திரும்ப நுனிக்காலுக்கே போயிருக்கிறார்கள். என் ஆசிரியை டூப்ரே வழியில் பழகியவர். பாக்குக்கு மட்டும் ஐம்பது வயதில் குதிகாலை மறந்து மறுபடி கற்றுக்கொண்டாராம். "கத்துக்கறதைவிட மறக்கறதுக்கு ரெண்டு மடங்கு நாளாச்சு" என்றார்.

*

விடோரின் மாணவர் ஒருவர் 1913ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் காபோனுக்கு மருத்துவராகப் போனார். ஆல்பர்ட் ஷ்வைட்சர். ஆர்கன் இனி இல்லை என்று முடிவு செய்துதான் கிளம்பினார். பாரிஸ் பாக் சங்கத்தார், இத்தனை வருஷம் தங்களுக்கு வாசித்ததற்கு நன்றியாக, பெடல் வைத்த பியானோ ஒன்றைத் துத்தநாகத் தகடு அடித்த பெட்டியில் கொடுத்தனுப்பினார்கள். வெப்பமண்டல ஈரத்துக்கென்றே தயாரித்தது. ஒற்றை மரத்தைக் குடைந்த பெரிய தோணியில் அது ஆற்று வழியே லம்பரெனே போய்ச் சேர்ந்தது. மறந்துபோகட்டும் என்றிருந்தவர் மனம் மாறி, மருத்துவமனை வேலை முடிந்த மாலைகளில் பாக், மெண்டல்சன், ஃப்ராங்க் என்று ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார். கச்சேரி தேதி இல்லை, கேட்கிற கூட்டம் இல்லை, அவசரமே இல்லை.

போர் அங்கேயும் வந்தது. ஜெர்மன் குடிமகன் என்பதால் 1917ல் பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் பிரனீஸ் மலையடிவாரத்தில் முகாமில் அடைத்தார்கள். பியானோவும் இல்லை. மேசையைக் கைக்கட்டைகளாகவும் தரையைப் பெடலாகவும் வைத்துக்கொண்டு அவர் பழகினார். சின்ன வயதில் அப்படித்தான் விளையாடுவாராம். போருக்குப் பிறகு ஐரோப்பா முழுக்க வாசித்துத் திரட்டிய பணத்தில் மருத்துவமனையை மறுபடி நிறுத்தினார். 1935ல் லண்டனில் அவர் வாசித்த பாக் இசைத்தட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. வேகம் நிதானம், பழைய பதிவு, கொஞ்சம் கரகரப்பு. பெடல் மட்டும் அடியில் தெளிவாக நடந்துகொண்டே இருக்கிறது.

அதற்குள் துருத்தி அறைகளில் மோட்டார்கள் வந்திருந்தன. மிதித்தவர்களின் பெயர்கள் சில தேவாலயக் கணக்குப் புத்தகங்களில், கூலிப் பத்தியில் இருக்கும். சிலர் அறைச் சுவரில் பெயரையும் வருஷத்தையும் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

போன வருஷம் ஹால்பர்ஸ்டாட் போயிருந்தேன். 1361ன் ஆர்கன் இருந்த அதே ஊர். ஊர்க்கோடியில் புர்கார்டி என்ற பழைய தேவாலயம், உள்ளே நாற்காலிகூடக் கிடையாது. அங்கே ஜான் கேஜ் எழுதிய ஆர்கன் படைப்பு ஒன்றை முடிந்த மட்டும் மெதுவாக வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். 639 வருஷம் ஓடும். ஃபாபர் ஆர்கன் கட்டிய 1361லிருந்து 2000 வரை எத்தனை வருஷமோ அத்தனை; 2640ல் முடியும். வாசிக்கிறவர் யாரும் இல்லை. கட்டைகளில் சின்னச் சின்ன மணல் பைகள் தொங்குகின்றன. காற்றுக்கு மின்சாரம். சுரம் மாறுகிற நாளில் மட்டும் ஆட்கள் வருகிறார்கள்.

இசை 2001 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. கேஜின் தாளில் முதலில் இருப்பது ஓர் இடைவெளி. அதனால் 2003 பிப்ரவரி 5 வரை, பதினேழு மாதம், சுரமே இல்லை. உள்ளே போனவர்களுக்குக் கேட்டது துருத்தியில் காற்று நிறைகிற சத்தம் மட்டும்தான்.